அறுபத்து நான்கு கால்கள்

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் மாடியிலுள்ள மூன்று கூடங்களையும் சுற்றிவிட்டு, எல்லாம் பார்த்தாயிற்று என்று வெளியே போய்விடுவார்கள். அவர்கள் காலுக்குக் கீழே இன்னும் நான்கு அறைகள் இருந்தன. மேலே வைத்திருப்பதைப் போல இருபது மடங்கு பொருள்கள் அங்கே அலமாரிகளிலும் பெட்டிகளிலும் அடைந்து கிடந்தன. அந்த நான்கு அறைகளையும் இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணி முதலில் அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தார். மூன்றே வருடத்தில் கிடங்கு உதவியாளர் ஆனார். வெளியாள் யாருடைய சிபாரிசும் இல்லை. பழைய கிடங்குக்காரர் ஒரு நாள் ஒரு பித்தளைத் தராசைக் காணாமல் இரண்டு மணி நேரம் அலைந்திருக்கிறார். அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மூணாவது ரூம், கீழ்த்தட்டு, தையல் மிஷினுக்குப் பின்னாடி" என்றாராம். தராசு அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு எது தொலைந்தாலும் அண்ணியைத்தான் கேட்டார்கள்.

போன வருடம் அந்தக் கிடங்கைப் புதுக் கட்டடத்துக்கு மாற்ற முடிவு செய்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் வைக்கப் பஞ்சு மெத்தை, மேலே போர்த்தத் துணி உறை என்று நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. அண்ணி என்னைச் சொன்னார். "எங்க வீட்ல ஒருத்தி இருக்கா. தையல் நேரா போடுவா. பேச மாட்டா" என்று சொன்னாராம். பேசாதது ஒரு தகுதியாக எண்ணப்பட்டு எனக்கு ஒரு வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. நான்காவது அறையின் மூலையில் என் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு ஐந்து மாதம் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பத்து வருடம் பார்த்ததைவிட அந்த ஐந்து மாதத்தில் அதிகம் பார்த்தேன்.

காலையில் உள்ளே நுழைந்ததும் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி ஒரு டப்பாவில் போடுவார். முந்தானையை இழுத்துச் செருகுவார். பேனாவை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட வேண்டும்; உள்ளே பென்சில் மட்டும். எதைத் தூக்குவதற்கு முன்னாலும் வைக்கப்போகிற இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் தூக்குவார். முதல் நாளே நான் ஒரு ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"தூக்கிட்டு இடம் தேடாத. இடத்தப் பாத்துட்டுத் தூக்கு" என்றார். "உன் கைக்கு வலிக்க ஆரம்பிச்சா அது தரையத்தான் இடம்னு முடிவு பண்ணும்."

ஈரத்துணி என்றால் மட்டும் அண்ணிக்குக் கோபம் தலைக்கேறிவிடும். வாளியோடு யாராவது படி இறங்கினாலே சத்தம் போடுவார். காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டலாம், அவ்வளவுதான். பல் பிடுங்குகிற நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. அதன் மரக் கைப்பிடிகள் முழுக்க நகக் கீறல்கள். "இதுக்கு பாலிஷ் போட்டா நல்லா இருக்குமேன்னு ஒருத்தர் கேட்டாரு. போட்டா இத்தன பேரு கத்துனது எங்க சார் போகும்னு கேட்டேன். ஆளு அப்பறம் இந்தப் பக்கமே வரல" என்று சொல்லிச் சிரித்தார்.

பொருள்களைப் பற்றி ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார். ஒரு கடையிலிருந்து வந்த எடைக்கற்களை எனக்குக் காட்டினார். அடியில் சுரண்டி ஈயத்தை எடுத்துவிட்டு மெழுகை வைத்து அடைத்திருந்தார்கள். "இவரு திருடர். ஊரையே ஏமாத்துனவரு. ஆனா பாத்து தூக்கு, இவருக்கும் விழுந்தா அடிபடும்." பாதி தைத்த கல்யாண உடை ஒன்று, குண்டூசிகளை எடுக்காமல் அப்படியே பெட்டிக்குள் இருந்தது. "இந்தப் பொண்ணு என்ன ஆனாளோ. நான் இதுவரைக்கும் ஏழு விதமா யோசிச்சிட்டேன்." சிலைகளிலிருந்து உடைந்த மூக்குகளுக்கென்று தனியாக ஒரு தட்டு இருந்தது. "மூக்கத் தூக்கிட்டு வா" என்று அண்ணி கத்தினால் புதிதாக வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள்.

புதுக் கட்டடத்தில் கிடங்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி வருவதாக இருந்தது. அண்ணியும் விண்ணப்பித்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய கோப்பில் ஒரு கரும்புள்ளி கிடையாது. கிடைத்த மாதிரிதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வீட்டில் என் கணவர் சும்மா இருப்பாரா?

"அக்கா, பொறுப்பாளர் ஆயிட்டா எங்கள எல்லாம் உள்ள விடுவியா?"

"உன்ன ஏன்டா விடணும்? நீ தொட்டா வெளக்குமாறே உடையும்."

"இருபத்திரண்டு வருஷமா அங்கயே இருக்க. உனக்கும் ஒரு நம்பர் கட்டி ஏத்திடப் போறாங்க."

"கட்டட்டும். உன் வீட்ல இருக்கறதுக்கு அலமாரில இருக்கலாம். தூசியாவது தட்டி விடுவாங்க."

அண்ணிக்கு அந்தப் பதவி மேல் ஆசை இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று நேர்காணலுக்குப் பதில் சொல்லிப் பார்ப்பதை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன்.

பொருள்களை ஏற்றிப்போக லாரி வருவதற்கு மூன்று நாள் இருந்தது. அன்று திங்கட்கிழமை. எங்கள் மேடமும் பதிவேட்டு சாரும் வண்ணத் துண்டுகளோடு கீழே வந்தார்கள். மேடம்தான் அருங்காட்சியகத்தின் தலைமை அதிகாரி. பதிவேட்டு சார், வந்த பொருளையெல்லாம் புத்தகத்தில் ஏற்றுகிறவர். புது இடம் சிறியது. அதனால் பச்சை ஒட்டினால் புதுக் கட்டடத்துக்குப் போகும். சிவப்பு ஒட்டினால் லாரி வருகிற அன்றே கழித்துவிடுவார்கள். யார் தந்தது, எந்த ஊர், யார் பயன்படுத்தியது என்று எதுவுமே தெரியாத பொருளுக்கு சிவப்பு.

இரண்டாவது அறையில் ஒரு பெரிய மரப்பெட்டி. அதற்குள் செருப்புத் தைப்பவர்கள் தோலை மேலே இழுத்துக் கட்டித் தைக்கப் பயன்படுத்துகிற மரத்தாலான கால் அச்சுகள். மொத்தம் அறுபத்து நான்கு. பெருவிரல் புடைத்தது, குதிகால் வீங்கியது, விரல் குறைந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சிலவற்றின் மேல் தோல் துண்டுகளை ஆணியடித்து மேடாக்கியிருந்தார்கள்.

"தந்தவர் தெரியாது, ஊர் தெரியாது, ஒண்ணும் தெரியாது" என்று புத்தகத்தைப் பார்த்துப் படித்தார் சார். "யாரோ கேட்ல ஒரு சாக்குல போட்டுட்டுப் போயிருக்காங்க. அவ்வளவுதான்."

"நல்ல கால் அச்சு நாலு ஜோடி முழு விவரத்தோட நம்மகிட்ட இருக்கு. இது எதுக்கு?" என்றார் மேடம்.

சிவப்பு ஒட்டினார்கள். அண்ணி ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். ஒரு பழைய குடைக்காக அரைமணி நேரம் வாதாடிப் பச்சை வாங்கியவர் அவர். அன்று பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி பல நாள் இரண்டாவது அறைக்குள் போய், அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணி சாப்பிடாமல் இருந்தார்.

"அந்தக் கட்டைங்கள்ல எழுத்து இருந்துச்சு" என்றார்.

"எந்தக் கட்டைங்க அண்ணி?"

"கால் அச்சுல. அறுபத்தி நாலுலயும் எழுதியிருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

அது அண்ணி வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம். பழைய கிடங்குக்காரரும் பதிவேட்டு சாரும் விடுப்பில் இருந்தார்கள். கேட்டில் கிடந்த சாக்கைக் காவலாளி கீழே கொண்டுவந்து போட்டார். அண்ணி பிரித்துப் பார்த்தார். ஒரே தூசி. புது வேலை, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற வேகம். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி ஊதாவா மாறுச்சு. அடேயப்பா என்ன அழுக்குன்னு இன்னும் அழுத்தித் தேச்சேன். மூணு வாளி மாத்தினேன். மேல சாம்பல் கலர்ல ஏதோ கிறுக்கலா இருந்துச்சு, போயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். கிடங்குக்காரரு லீவு முடிஞ்சு வந்து, பரவால்லயே, பளிச்சுனு இருக்கேன்னாரு. நான் பல்ல காட்டிக்கிட்டு நின்னேன்."

இரண்டு வருடம் கழித்துப் பணியாளர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். அந்தக் காலத்து மை பென்சிலில் எழுதிய ஒரு கடிதத்தைக் காட்டி, காய்ந்திருக்கும்வரை இது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாகிக் கரைந்துவிடும் என்று விளக்கியிருக்கிறார்கள்.

"அந்த வகுப்பு நாற்காலில என்னால உக்கார முடியல. அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது நான் எதக் கழுவினேன்னு. புஸ்தகத்துல ஏன் ஒண்ணும் இல்லைன்னா, அந்த எழுத்தப் பாத்துத்தான் எழுதியிருக்கணும். எழுதறதுக்கு நான் எதயும் விட்டு வைக்கல."

"யாருக்குத் தெரியப் போகுது அண்ணி? கட்டைதானே. நேர்காணல் முடியட்டுமே" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"நேர்காணல் அடுத்த செவ்வாக்கெழம. லாரி வியாழக்கெழம" என்றார் அண்ணி.

என்னை இரண்டாவது அறைக்கு அழைத்துப் போனார். ஒரு அச்சை எடுத்து என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லிய பள்ளங்கள் தட்டுப்பட்டன. எழுதியவர் பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதியிருக்கிறார். நிறம் போய்விட்டது. அழுத்தம் மரத்திலேயே தங்கிவிட்டது.

"இருபது வருஷத்துல பதினொண்ணு படிச்சிருக்கேன், விரலாலயே" என்றார்.

"அப்போ இத மேடம்கிட்ட காட்டினா போதுமே அண்ணி!"

"காட்டினா, யாரு கழுவினதுன்னு கேப்பாங்க. அவங்க கேக்காம விடற ஆளு இல்ல."

செவ்வாய்க்கிழமை அண்ணி எதுவும் சொல்லவில்லை. மேடம் இரண்டு தடவை கீழே வந்தார். இரண்டு தடவையும் அண்ணி கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். அன்று மாலை சிவப்புப் பெட்டிகளையெல்லாம் வாசலுக்கு அருகே நகர்த்திவைத்தார்கள். வீட்டில் என் கணவர், "என்னக்கா, நேர்காணல் பயமா? சட்னில உப்புக்குப் பதிலா சர்க்கர போட்டிருக்க" என்றார். அண்ணி அதற்கும் பதில் சொல்லவில்லை. திட்டு விழாததில் அவருக்கே கவலை வந்துவிட்டது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேடமும் சாரும் கடைசியாகப் பட்டியலைச் சரிபார்க்க வந்தார்கள். அண்ணி ஒரு டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நின்றார்.

"மேடம், அஞ்சு நிமிஷம் வேணும். லைட்ட அணைக்கணும்."

"கரண்ட் செலவு குறையட்டும்னு பாக்கறீங்களா?" என்றார் சார்.

அண்ணி என்னை விளக்கை அணைக்கச் சொன்னார். ஒரு அச்சைப் பஞ்சு மெத்தை மேல் படுக்கவைத்து, டார்ச்சை அதன் பக்கவாட்டில், மரத்தை ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் பள்ளங்களில் நிழல் தேங்கியது. ஒன்றுமே இல்லாத மரத்தில் எழுத்து எழுந்து நின்றது. மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டுப் படித்தார்.

"தபால்காரர். வலது. சுண்டுவிரல் இல்லை."

அடுத்தது. "பேக்கரி அம்மா. இடது. குதிகால் அரை விரல் உயரம்." அதற்கடுத்தது. "லாரி டிரைவரின் மாமியார். வீக்கம் உண்டு. மாலையில் அளந்தது." ஒன்றை சாரே எடுத்துக் கொடுத்தார். "ஹெட்மாஸ்டர். இரண்டு காலுக்கும் உள்ளே உயரம். வெளியே சொல்லக் கூடாது."

சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேடம் சிரித்துக்கொண்டே இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்.

அண்ணி நான்கு சின்ன அச்சுகளை வரிசையாக எடுத்து வைத்தார். அவர் விரலால் படித்தவற்றில் அவையும் சேர்த்தி. முதலாவது உள்பக்கமாக நன்றாக மடங்கிய பாதம். "சின்னவள். இடது. ஐந்து வயது." இரண்டாவதில் மடிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆறு வயது. மூன்றாவது ஏழு வயது, இன்னும் குறைவு. நான்காவது எல்லோருக்கும் இருப்பது போன்ற சாதாரணப் பாதம். அதில் எழுத்து நீளமாக இருந்தது. "சின்னவள். ஒன்பது வயது. இனி என்னிடம் வர வேண்டாம். கடையில் வாங்கிக்கொள்ளலாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒரு ஆளு உக்காந்து ஊர்ல உள்ள கஷ்டப்பட்ட காலுக்கெல்லாம் செருப்பு தச்சிருக்காரு" என்றார். "இதப் போயி கழிக்கப் பாத்தோமே. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"பெரிய விஷயம். செவ்வாய்க்கெழம இதயே சொல்லுங்க, வேலை உங்களுக்குத்தான். அவ்வளவுதான்" என்றார் சார்.

நான் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி தப்பித்துவிட்டது. பாராட்டும் வந்துவிட்டது. இத்தோடு விட்டுவிட்டால் போதுமே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். மேடம் விளக்கைப் போடச் சொன்னார். ஒரு அச்சைத் திருப்பி, ஆணிக்குப் பக்கத்திலிருந்த விரிசலைக் கூர்ந்து பார்த்தார். அங்கே ஊதாக் கறை கொஞ்சம் இருந்தது.

"இது மை பென்சில். தண்ணி விட்டுக் கழுவியிருக்காங்க. யாரு இந்தக் காரியத்தப் பண்ணது?"

"பழைய கிடங்குக்காரராத்தான் இருக்கும்" என்றார் சார். "அவரு காலத்துல எல்லாத்தையும் கழுவிடுவாரு. பாவம், போயி சேந்து ஆறு வருஷமாச்சு. இப்ப யாரப் போயி கேக்கறது?"

மேடம் தலையாட்டினார். விஷயம் முடிந்துபோனது. அண்ணி டார்ச்சை அணைத்தார்.

"அவரு இல்ல சார். நான்."

"நீங்கன்னா?"

"வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரம். மூணு வாளி தண்ணி. நான்தான் கழுவினேன்."

மேடத்தின் முகம் மாறியது. அவர் நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் குரல் உயரும். "இருபத்திரண்டு வருஷம்! தெரியாம பண்ணது வேற. தெரிஞ்ச பிறகும் ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"இப்ப பயமில்லையா?"

"இருக்கு மேடம். ஆனா நாளைக்கு லாரி."

மேடம் பெட்டியிலிருந்த சிவப்பைக் கிழித்துவிட்டுப் பச்சையைத் தானே ஒட்டினார். ஒட்டிவிட்டு, "எழுத்துமூலமா விளக்கம் குடுங்க" என்று சொல்லிப் படியேறிப் போனார். பின்னால் போன சார் திரும்பி, "ஏம்மா, நான்தான் வழி காட்டினேனே" என்றார்.

"செத்தவரு மேல போடச் சொல்றீங்களா சார்? தராசு எங்க இருக்குன்னு நான் சொன்னத ஆபீஸ்ல போயி சொல்லி என்னக் கிடங்குக்குக் கேட்டவரே அவருதான்."

அண்ணி அன்று சாயங்காலமே ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். எழுதிவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். அதில் ஒரு இடத்தில்கூட மன்னிப்புக்குக் காரணம் தேடியிருக்கவில்லை. எத்தனை வாளி, எந்தத் துணி, எவ்வளவு நேரம் என்று எல்லாம் இருந்தது. "இனி இதைச் சரிசெய்யப் போகிறவர்களுக்கு இந்த விவரம் தேவைப்படும்" என்று முடித்திருந்தார்.

நேர்காணலில் அவரிடம் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார்களாம். பதவி வேறொரு ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அண்ணியின் கோப்பில் ஒரு தாள் சேர்ந்தது. அவர் உதவியாளராகவே புதுக் கட்டடத்துக்குப் போனார். புதுப் பொறுப்பாளர் நல்ல பெண், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "அக்கா, இது எங்க இருக்கு?" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணி முதல் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். பிறகு அந்தப் பெண் ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு இடம் தேடுவதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

என் கணவருக்குத்தான் ஆறவே இல்லை. "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல அக்கா?"

"மூடிட்டுத்தானேடா இருந்தேன் இத்தன வருஷம். அதுல என்ன சுகத்தக் கண்டேன்?" என்றார் அண்ணி.

நான் அதிகம் வெளியே போய்ப் பழகாதவள். பெரிய மனிதர்கள் என்று சொல்லப்படுகிறவர்களைப் பார்த்ததில்லை. ஆனால், தப்பிக்க ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அதன் வழியாகப் போகாமல் நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

அறுபத்து நான்கில் நாற்பத்தைந்தைப் படித்துவிட்டார்கள். மீதி பத்தொன்பதில் எந்தப் பக்கம் வெளிச்சம் பிடித்தாலும் ஒன்றும் எழவில்லை. அவற்றைத்தான் அண்ணி அதிகம் தேய்த்திருக்க வேண்டும். போன மாதம் பதிவேட்டு சார் புதுக் கட்டடத்துக்கு வந்து, கிடங்குக்கு வெளியே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் எழுதினார். உறை தைத்துக் கொடுக்க நானும் போயிருந்தேன். நாற்பத்தைந்துக்கும் எழுத்து என்ற கட்டத்தில் வாசகத்தை அப்படியே ஏற்றினார். பத்தொன்பதுக்கும் அதே கட்டத்தில் "இல்லை" என்று எழுதிக்கொண்டே போனார். அண்ணி குனிந்து பார்த்தார்.

"சார், இல்லைன்னு எழுதாதீங்க."

"இல்லைதானேம்மா? கண்ணுக்கும் தெரியல, கைக்கும் தெரியல."

"இருந்துச்சு சார். நான் பாத்திருக்கேன். இருந்துச்சுன்னு எழுதுங்க. யாரு அழிச்சாங்கன்னும் எழுதுங்க."

"உங்க பேரையா? புஸ்தகத்துலயா? இது எப்பவும் இருக்கும்மா."

"அதுக்குத்தானே சார் புஸ்தகம்."

சார் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, இல்லை என்பதை ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில், "எழுத்து இருந்தது. ஈரத்துணியால் அழிக்கப்பட்டது" என்று எழுதி, அண்ணியின் பெயரை முதலெழுத்தோடு சேர்த்தார். அடித்ததற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். பத்தொன்பது பக்கத்திலும் அப்படியே செய்ய வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அண்ணி நாற்காலியில் உட்காரவில்லை. பத்தொன்பதாவது பக்கத்தில் மை காயும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.